வங்கி விதிகளும் சென்னைச் சேரிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று பொறுப்பாளர்கள் கேட்டனர். கல்வியைப் பற்றி எழுதப் பலர் இருப்பர். நான் கடனைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். சிலர் நகைத்தனர். ஆயினும் நம் வீடுகளில் படிப்பு இடையில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணிப் பாருங்கள். அறிவு போதாமல் நின்றவர் மிகச் சிலரே. கட்டணம் கட்ட வேண்டிய நாளில் கையில் பணம் புரளாமல் நின்றவரே பலர். கல்வியின் வரலாற்றை எழுதுவோர் கடனின் வரலாற்றையும் சிறிதேனும் எழுதியாக வேண்டும்.

மயிலைக் கச்சேரிச் சாலையிலும் லஸ் முனையிலும், தியாகராய நகர் உஸ்மான் சாலையிலும், அடையாற்றிலும் வங்கிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே நம்மவர் குடியிருப்புகளும் மீனவர் குப்பங்களும் இருந்துவந்துள்ளன. இத்தொலைவைக் காலால் அளந்தால் பத்து நிமிடம். விதிகளால் அளந்தால் எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் பொருள். அரசுடைமை வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மேசையின் இருபுறத்தையும் கண்டவன் நான்.

வங்கித் தொழிலின் முதல் வினா, ‘என்ன ஈடு வைத்திருக்கிறாய்?’ என்பது. நம் முன்னோரிடம் அதற்கு விடை இல்லாமற் போனது தற்செயலன்று. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் நிலை குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கையில், விளைநிலம் மட்டுமன்றிக் குடியிருக்கும் மனையும் அவர்களுக்கு உரிமையாக இல்லாத நிலையை எடுத்துக்காட்டினார். அதன் விளைவாக 1892இல் அரசாணை பிறந்தது. பின்னர் பஞ்சமி நிலம் என்று நாம் அறிந்த ஒப்படைகள் வந்தன. அந்நிலங்களைப் பிற சமூகத்தார்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனை நம்மைக் காக்கவே விதிக்கப்பட்டது. ஆனால் விற்க முடியாத நிலத்தைக் கடன் கொடுப்போன் ஈடாக ஏற்பதில்லை. காக்கும் விதியே கடனைத் தடுக்கும் விதியாகவும் ஆவதை இவ்வரலாற்றில் பலமுறை காணலாம்.

நகருக்குள் வருவோம். 1872இல் மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் பண்டு தொடங்கப்பட்டது. உறுப்பினர் சேமிப்பைத் திரட்டி, நகையின் பேரிலும் வீட்டுப் பத்திரத்தின் பேரிலும் உறுப்பினர்க்கே கடன் கொடுப்பது இத்தகைய நிதிகளின் முறை. நகையும் பத்திரமும் உடையவர் எவர் என்பதை மாடவீதிகளைச் சுற்றி வந்தோர் அறிவர்.

1906 அக்டோபர் 22இல் அர்பத்நாட் என்ற வெள்ளையர் நிறுவனம் முறிந்து, சென்னையில் எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. அந்த அதிர்ச்சியினின்று பிறந்ததே 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கி. அதற்கு முன்னின்று உழைத்தவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அதே 1907இல்தான் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். அருகருகே இருந்த இரு பேட்டைகளில், ஒருவர் இலட்சங்களைத் திரட்டினார். மற்றவர் ஒரு பைசா கொடுப்போரைத் திரட்டினார். இருவர் முயற்சியும் பெரிதே. ஆனால் பைசாக்காரர்க்கு வங்கி வாயில் திறக்க இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடைக்காலத்தில் கூட்டுறவு ஓரளவு கைகொடுத்தது. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்திற்குப் பின், 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்க்கு வீட்டுமனை வாங்கித்தர முற்பட்டபோது, கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடன் கொடுத்து, தவணையாகத் திரும்பப் பெறும் முறையைக் கையாண்டது. சட்டமன்றத்தில் எம்.சி. இராஜா போன்றோர் ஓயாது குரல் கொடுத்த காலம் அது. ஈடு இல்லாதவன் சங்கமாகச் சேர்ந்தால் சங்கமே ஈடாகும் என்ற கருத்தை நம் மக்கள் அன்றே பழகிவிட்டனர்.

1935இல் ரிசர்வ் வங்கி தோன்றியது. அண்ணல் அம்பேத்கர் 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதியதையும், 1925இல் நாணயம் குறித்த இராயல் கமிஷன் முன் சாட்சியம் அளித்ததையும் நம் இளைஞர் அறிந்திருத்தல் நலம். பொருளியல் நமக்குப் புதிய துறையன்று. 1949ஆம் ஆண்டு வங்கிச் சட்டமும், 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி முறிந்தபின் 1962இல் நடைமுறைக்கு வந்த வைப்புத்தொகைக் காப்பீடும், பணம் போட்டவர்களைக் காப்பாற்றும் நோக்கின. அது நியாயமே. எனினும், பணம் போட்டவனைக் காப்பதே குறிக்கோள் என்றால், ஈடில்லாதவனுக்குக் கொடுக்காதிருப்பதே மேலாளர்க்குப் பாதுகாப்பான வழி. சட்டம் யாரையும் விலக்கச் சொல்லவில்லை. விலக்கியவரைக் கேட்கவும் இல்லை.

வங்கி கொடுக்காத இடத்தில் தண்டல்காரர் கொடுத்தார். என் தாயார் மயிலைத் தெற்கு மாடவீதியில் கீரைக்கூடை வைத்திருந்தவர். 1,000 ரூபாய்க் கடன் என்றால் 900 கையில் வரும்; நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 100 ரூபாய்தானே போயிற்று என்று அம்மா சொல்வார். எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தபின் நான் கணக்கிட்டுப் பார்த்தேன். அசல் நாள்தோறும் குறைந்துவருவதால், சராசரியாக அவர் கையில் இருந்தது ஏறத்தாழ 450 ரூபாய். அதற்கு 100 நாளில் 100 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 80 சதவீதத்திற்கு மேல் ஆகிறது. இதையே 4 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால் 5 ரூபாய்கூட ஆகியிராது.

இத்தகைய கடனை அடக்கச் சட்டங்கள் இல்லாமலில்லை. 1943இல் அடகுக்கடைச் சட்டம், 1957இல் வட்டிக்கடைச் சட்டம், 2003இல் அதிக வட்டித் தடைச் சட்டம் ஆகியவை வந்தன. இந்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் வழங்கிய பெயர்களை அப்படியே எடுத்து இலக்கணம் வகுத்தது வியப்புக்குரியது. ஆனால், விடியற்காலையில் கோயம்பேட்டில் சரக்கெடுக்க வேண்டியவளுக்குத் தண்டலை விலக்கிவிட்டு வேறு வழி காட்டாத சட்டம் பாதிச் சட்டமே என்பது என் கருத்து.

அவ்வேறு வழி பிறந்த நாள் 1969 ஜூலை 19. அன்று அரசுடைமையாக்கப்பட்ட 14 வங்கிகளுள் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகிய இரண்டும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. இதனால் நமக்கு விளைந்த பயன்கள் இரண்டு. ஒன்று, வங்கி வேலைகளில் இடஒதுக்கீடு வந்தது. என் போன்றோர் மேசைக்கு அப்புறம் அமர்ந்தது அதனாலேயே. மற்றொன்று, 1972இல் அறிவிக்கப்பட்ட மாறுபட்ட வட்டி விகிதத் திட்டம். ஏழைகட்கு 4 சதவீத வட்டியில், ஈடின்றி, தொழிற்கடன். வங்கி முந்தைய ஆண்டு கொடுத்த மொத்தக் கடனில் ஒரு பங்கு இதற்கென ஒதுக்கப்பட்டது. அது பின்னர் 1 சதவீதம் என்றாயிற்று. அதிலும் 40 சதவீதம் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் சேர வேண்டும் என்ற விதி எழுந்தது. எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய விதி இது. ‘ஏழைகளுக்கு உதவுக’ என்ற அறிவுரைக்கும் ‘40 சதவீதம் காட்டுக’ என்ற ஆணைக்கும் உள்ள வேறுபாட்டை வங்கியில் பணிபுரிந்தவரே நன்கு உணர்வர்.

ஆனால் சென்னையின் நிலை வேறு. இத்திட்டக் கடன்களில் மூன்றில் இரு பங்கு கிராம, சிற்றூர்க் கிளைகள் வழியாகவே தரப்பட வேண்டும் என்றிருந்தது. 1969 டிசம்பரில் வந்த முன்னோடி வங்கித் திட்டம், மாவட்டந்தோறும் ஒரு வங்கியைப் பொறுப்பாக்கிக் கடன் திட்டம் தீட்டச் செய்தது. பெருநகரங்கள் அதனின்று விலக்கப்பட்டன. சென்னை போன்ற பெருநகரங்கள் அத்திட்டத்திற்குள் வந்தது 2013இல்! 1977 முதல் 1990 வரை, வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கி இல்லாத ஊர்களில் நான்கு திறக்க வேண்டும் என்ற விதி இருந்தது. நாட்டுப்புறத்திற்கு அது பெரும் நன்மை செய்தது. அதனை நான் குறை கூறேன். ஆனால் அவ்விதியின் கண்ணுக்குச் சென்னை முழுவதும் ‘வங்கி உள்ள ஊர்’. கடற்கரைக் குப்பத்திலும் கால்வாய்க் கரைச் சேரியிலும் ஒருவர் பெயரிலும் கணக்கு இல்லாவிடினும், உஸ்மான் சாலையில் கிளைகள் இருந்தமையால் அவர்களும் வங்கி பெற்றவராகவே எண்ணப்பட்டனர். நகர ஏழைகளுக்கென்று தனியே சுயதொழில் கடன் திட்டம் 1986இல்தான் வந்தது. கடன் 5,000 ரூபாய் வரை, அதில் நான்கில் ஒரு பங்கு மானியம்.

கிளையளவில் நடந்தது என்ன? நான் பணிபுரிந்த கிளை ஒன்றில் ஆண்டு முழுவதும் 4 சதவீதக் கடன் பேரேடு உறங்கும். மார்ச்சு பிறந்தால் மேலிடத்திலிருந்து கடிதம் வரும். இருபது நாளில் இலக்கை முடிக்க வேண்டும். அப்பொழுது யார் கண்ணில் படுகிறாரோ அவர்க்குக் கடன். வாயிலில் இளநீர் விற்றவர் மூன்று ஆண்டு தொடர்ந்து பெற்றார். தெருவைத் தாண்டி இருந்த சேரியிலிருந்து ஒருவரும் பெறவில்லை. இதில் எவருடைய கெட்ட எண்ணமும் இருந்ததாக நான் சொல்லேன். எண் நிறைந்தது, எவர்க்குப் போயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் மயிலாப்பூரிலேயே தோன்றினர். 1978இல் ஜெயா அருணாசலம் அம்மையார் தொடங்கிய ‘ஒர்க்கிங் உமன்ஸ் ஃபோரம்’ என்னும் உழைக்கும் மகளிர் அமைப்பைச் சொல்கிறேன். ஏறத்தாழ 800 பெண்களோடு தொடங்கிய அமைப்பு அது. பூ, மீன், காய்கறி விற்போர், இட்லிக் கடை வைத்தோர், துண்டுத்துணி விற்போர் ஆகியோரே உறுப்பினர். பெரும்பாலோர் நம் சமூகத்தினரும் பிற்பட்ட வகுப்பினருமாவர். ஒரே பகுதியில் வாழும் பத்து இருபது பேர் ஒரு குழு. குழுவினுள் ஒருவர்க்கொருவர் ஜாமீன். குழுத் தலைவி அவர்களுள் ஒருத்தி. வெளியிலிருந்து வந்த படித்த மகளிர் அவ்விடத்தில் அமர்த்தப்படவில்லை. 4 சதவீதத் திட்டம் சட்டத்தில் இருப்பதை அறிந்து, குழுவாக அரசுடைமை வங்கிகளின் வாயிலுக்குச் சென்றனர். தனியே சென்றவளை ‘நாளை வா’ என்று அனுப்பலாம். இருபது பேராய் விண்ணப்பத்தோடு நிற்போரை அவ்வாறு அனுப்புதல் எளிதன்று. சில நூறு ரூபாய்க் கடன்களே கிடைத்தன. ஆனால் அவை தவறாது திரும்பின. ஏழை திருப்பித் தரமாட்டாள் என்ற வங்கியின் அச்சத்திற்கு அவர்கள் கூடைக் காசிலேயே விடை எழுதினர்.

அத்துடன் அமைப்பு நிற்கவில்லை. வங்கி திறக்கும் நேரம் அவர்கள் சந்தையில் இருக்கும் நேரம். படிவங்கள் அவர்களால் படிக்க இயலாதவை. ஒரு கடன் முடிந்து மறு கடன் வர மாதங்கள் ஆயின. ஆகவே 1981இல் தமக்கெனக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றையே அமைத்துக் கொண்டனர். ஆமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் 1974இல் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வங்கி தொடங்கியது போன்றதே இதுவும். வங்கதேசத்துக் கிராமிய வங்கியைப் புகழ்வோர், அதே ஆண்டுகளில் மயிலைத் தெருவில் நடந்ததை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

கடல் கடந்த நாடு ஒன்றை இங்கு ஒப்பிடுதல் தகும். அமெரிக்காவில் 1930களில் அரசு சார்ந்த வீட்டுக்கடன் நிறுவனம் நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் தீட்டி, இவை ஆபத்தானவை என்று குறித்தது. மனிதரைப் பாராமல் தெருவைப் பார்த்துக் கடன் மறுக்கும் வழக்கம் அங்கு நெடுங்காலம் நிலைத்தது. மக்கள் போராடினர். 1975இல், எந்தப் பகுதியில் எத்தனை வீட்டுக்கடன் கொடுத்தாய் என்பதை வங்கிகள் வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1977இல் சமுதாய மறுமுதலீட்டுச் சட்டம் வந்தது. தான் இயங்கும் வட்டாரத்தின் குறைந்த வருவாய்ப் பகுதிகளின் கடன் தேவையையும் வங்கி நிறைவு செய்கிறதா என்று மேற்பார்வையாளர் தேர்வு செய்வர். புதுக்கிளை கேட்கும்போதும் வேறு வங்கியோடு இணையும்போதும் அத்தேர்வின் முடிவு கருத்தில் கொள்ளப்படும்.

நம் விதி வகுப்பைக் கேட்டது. அவர்கள் விதி தெருவைக் கேட்டது. நம் முன்னுரிமைத் துறைக் கடன் 40 சதவீதம் என்பதும், நலிந்த பிரிவினர்க்கு முன்பு 10 ஆக இருந்து இப்போது 12 சதவீதம் என்பதும் வங்கியின் மொத்தக் கணக்கில் பார்க்கப்படுவன. எனவே மயிலைக் கிளை ஒன்று தன் பின்புறத்துச் சேரிக்கு ஒரு ரூபாயும் கொடாமலே, வங்கி தன் கடமையை முற்ற நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டலாம். 1995க்குப் பின், குறைந்த தொகையை நபார்டு நிதியில் செலுத்திவிடவும் வழி உண்டாயிற்று. ஆனால் வகுப்பைப் பெயர் சொல்லி எழுதியது நம் விதியின் சிறப்பு. அமெரிக்கச் சட்டம் நிறத்தை அவ்வாறு பெயர் சொல்லவில்லை. இரண்டும் ஒருங்கே இருந்திருந்தால் என் கிளையின் பேரேடு மார்ச்சு வரை உறங்கியிராது.

தெரு என்றதும் முகவரி நினைவுக்கு வருகிறது. 1971இல் குடிசைப்பகுதிச் சட்டம் வந்தபோது சென்னையில் 1,202 குடிசைப்பகுதிகள் அறிவிக்கப்பட்டன; 1985இல் மேலும் 17. அதன்பின் பல்லாண்டு அப்பட்டியல் வளரவில்லை, நகரம் வளர்ந்தது. பட்டியலில் இல்லாதவர்க்குப் பட்டாப் பேச்சே இல்லை. குடிசை மாற்று வாரியத்தின் அடுக்ககங்களில் குடியேறியோர்க்கும், தவணை முழுதும் கட்டி விற்பனைப் பத்திரம் பெறும்வரை வீடு ஈடாகாது. 2000 முதல், அடையாற்றங்கரையிலும் கால்வாயோரங்களிலும் வாழ்ந்தோர் கண்ணகி நகர்க்கும், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்டனர். அம்முகவரியைக் கண்டதும் கடன் மறுக்கப்படுகிறது என்று அங்கு வாழ்வோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே சிவப்பு மை இல்லை; ஊர்ப்பெயரே போதும்.

1991க்குப் பிந்திய கதையை விரித்தல் வேண்டா. 4 சதவீதத் திட்டம் ஒழிக்கப்படவில்லை, மெல்ல நரைத்தது. நகரக் குடும்பத்திற்கு வருவாய் உச்சவரம்பு ஆண்டுக்கு 7,200 ரூபாய் என்று நெடுங்காலம் இருந்து, பின்னர் 24,000 ஆயிற்று. அதாவது மாதம் 2,000. சென்னையில் மாதம் 2,000 ரூபாயில் வாழும் குடும்பத்தை எங்கே தேடுவது? விதியை நீக்க வேண்டியதில்லை. எண்ணைத் திருத்தாமல் விட்டாலே போதும். 2005இல் இருப்புத்தொகை வேண்டாத கணக்குகளும் 2014இல் ஜன்தன் கணக்குகளும் வந்தன. கணக்கு கிடைத்தது, கடன் வேறு. அந்த வெற்றிடத்தில் நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்தன. ஆந்திரத்தில் 2010இல் நேர்ந்த துயரங்களுக்குப் பின் ரிசர்வ் வங்கி வட்டிக்கு உச்சவரம்பு விதித்தது. 2022இல் அவ்வரம்பை நீக்கி, குடும்ப மாத வருவாயில் பாதிக்கு மேல் தவணை போகலாகாது என்று வைத்தது. வசூலில் கொடுமை செய்வதைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நம் தாய்மார் அன்று ஒருவர்க்கொருவர் நின்ற ஜாமீன், இன்று ஒருத்தி தவறினால் மற்றவரை அவள் வீட்டு வாயிலில் நிறுத்தும் கருவியாக மாறியிருப்பதைக் காண நெஞ்சு வருந்துகிறது.

2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டத்தில் ஒரு புதுமை இருந்தது. கிளை ஒவ்வொன்றும் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர் ஒருவர்க்கேனும், பெண் ஒருவர்க்கேனும் கடன் தர வேண்டும் என்று எண் கிளையின் தலையிலேயே வைக்கப்பட்டது. ஆனால் கடன் 10 இலட்சத்தில் தொடங்கியது; கீரைக்கூடைக்கு அது எட்டாது. தெருவோர வணிகர்க்கு 2020இல் வந்த திட்டம் 10,000 ரூபாயில் தொடங்கியது. அது கூடைக்குப் பொருந்திய அளவு.

இறுதியாக, நம் இளைஞர் அறிய வேண்டிய விதிகள் சில. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் கடன் பற்றிய ரிசர்வ் வங்கியின் தொகுப்புச் சுற்றறிக்கையில், அவர்களுடைய விண்ணப்பத்தைக் கிளையே தள்ளுபடி செய்தலாகாது. அடுத்த மேல்நிலை அதிகாரியே செய்ய வேண்டும். காரணத்தைத் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று எழுதப்பட்டுள்ளது. படிவம் நிரப்ப ஊழியர் உதவ வேண்டும் என்றும் உள்ளது. கல்விக்கடனில் 4 இலட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கலாகாது. நான் பணியிலிருந்த காலத்தில் இச்சுற்றறிக்கை கோப்பில் இருந்தது. அதைக் கையில் ஏந்தி வந்து கேட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கழக மாணவி ஒருவர்க்குச் செவிலியர் படிப்பிற்கு இடம் கிடைத்தது. தெற்குச் சென்னையில் ஒரு கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டனர். தாயார் வீட்டு வேலை செய்பவர், வாரியக் குடியிருப்பு. அப்பெண்ணும் தாயாரும் கழகத்தார் இருவரும் நானுமாக, அச்சுற்றறிக்கையின் படியொன்றை எடுத்துக்கொண்டு சென்றோம். சண்டையிடவில்லை. மறுப்பதானால் காரணத்தை எழுதி மேலிடத்து ஒப்பத்துடன் தாருங்கள் என்று மட்டும் கேட்டோம். மேலாளர் அதை இருமுறை படித்தார், எங்களை அமரச் சொன்னார், தேநீரும் வந்தது. பதினெட்டாம் நாள் கடன் அனுமதியாயிற்று. அம்மாணவி இப்பொழுது அரசு மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுகிறார். முதல் தவணையைக் கட்டிய இரசீதைக் கொணர்ந்து என்னிடம் காட்டினார்.